மூன்று விரல் வேர்

வனமாமலையின் இடது கையில் மூன்று விரல்கள் போனது, பொங்கல் லீவு முடிந்து வேலைக்குத் திரும்பிய முதல் நாள், காலை பத்தேகால் மணிக்கு. ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல். ஒரகடத்தில் கார்களுக்குத் தகட்டுச் சாமான் அடித்துக் கொடுக்கும் கம்பெனி ஒன்றில் அவன் ஆபரேட்டர். நாலாம் நம்பர் பிரஸ். தகட்டை உள்ளே வைத்துப் பெடலை மிதித்தால் மேலிருந்து அச்சு இறங்கி ஒரே அடியில் வெட்டித் தள்ளும். கை உள்ளே இருக்கும்போது அச்சு இறங்காமல் தடுக்க ஒளி சென்சார் ஒன்று உண்டு. அது அடிக்கடி லைனை நிறுத்தித் தொல்லை கொடுக்கிறது என்று யாரோ அதன் ஒயரைப் பிடுங்கி வேறு பக்கம் சுற்றிவிட்டிருந்தார்கள். வனமாமலைக்கு அது தெரியும். எல்லோருக்குமே தெரியும்.

அவனை வண்டியில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தவன் அறைத்தோழன் மாரிமுத்து. இருவரும் நாங்குநேரிப் பக்கம், அடுத்தடுத்த ஊர். விரல்களை ஒரு பாலித்தீன் பையில் ஐஸ் போட்டு எடுத்துப்போனான். ஒட்டவைக்க முடியாத அளவுக்கு நசுங்கிவிட்டதென்று டாக்டர் பையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். வனமாமலைக்கு மயக்கம் தெளிந்தபோது கையில் கட்டு இருந்தது, பை இல்லை. அதைப் பற்றிக் கேட்க அவனுக்கு மனம் வரவில்லை. அடுத்த மாதமே மாரிமுத்து ஓசூரில் வேறு வேலை கிடைத்துப் போய்விட்டான்.

இல்லாத விரல் வலிக்கும் என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். “மூளைக்கு இன்னும் சேதி போய்ச் சேரலப்பா. அது விரல் இருக்குன்னே நினைச்சிட்டிருக்கும். கையை மூடித் திறக்கிற மாதிரி மனசுல நினைச்சுப் பழகு. போகப் போக அடங்கிடும்.”

ஆனால் வனமாமலைக்கு வலி இல்லை. சூடு இருந்தது. காலை எட்டு மணிக்கு மேல் இல்லாத விரல் நுனிகளில் மெல்லச் சூடு ஏறும். மத்தியானம் கொதிக்கும். பொழுது சாய்ந்தால் ஆறும். அவனுக்கு இப்போது கம்பெனியில் லைட் டியூட்டி. ஸ்டோர் ரூமில் ஏசிக்கு அடியில் உட்கார்ந்து பெட்டிகளுக்கு டேக் கட்டுகிற வேலை. உடம்பெல்லாம் சில்லிட்டிருக்க, அந்த மூன்று மட்டும் வெயிலில் கிடந்தன. அதோடு விட்டதா என்றால் இல்லை. அவற்றைச் சுற்றி நாலா பக்கமும் நறநறவென்று ஏதோ நெருக்கி நின்றது. ஆற்று மணலுக்குள் கையைச் சொருகி வைத்திருப்பது போல.

இதை யாரிடம் சொல்வது? மூளைக்குச் சேதி போகவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு நாட்களைத் தள்ளினான்.

அவன் குடியிருந்தது பென்னலூரில், முனிரத்தினம் என்பவரின் வீட்டு மாடியில். நிலமெல்லாம் கம்பெனிக்குப் போன பிறகு முனிரத்தினம் மாடியில் வரிசையாக ஆறு அறைகள் கட்டி, வேலைக்கு வரும் பையன்களுக்கு விட்டிருந்தார். அதற்கும் மேலே மொட்டை மாடி. அது அவருடைய மருமகள் சசிகலாவின் ராஜ்ஜியம். முப்பத்திரண்டு வயது, வாய் ஓயாமல் பேசுகிறவள். இருநூறு தொட்டிகளில் அடீனியம் வளர்த்து, போட்டோ எடுத்து போனில் போட்டு, ஊர் ஊராகப் பார்சல் அனுப்பிக்கொண்டிருந்தாள். தரையைவிட்டு ஒரு முழம் எழும்பி, அடி மட்டும் பானை போல உப்பி, மேலே நாலைந்து கிளையும் கொத்துக் கொத்தாக ரோஜா நிறப் பூவுமாக நிற்கும் செடி அது.

மார்ச் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வனமாமலை ஈரத் துணியோடு மாடிக்கு ஏறினான். சசிகலா ஹோஸ் பைப்பைப் பிடித்தபடி தொட்டிகளுக்கு நடுவே நின்றிருந்தாள்.

“இன்னா தம்பி, கை எப்டி கீது?”

“பரவாயில்லக்கா” என்றவன் அடுத்த நொடி “அம்மா!” என்று கத்திவிட்டான். இல்லாத மூன்று விரல்களையும் யாரோ பனிக்கட்டித் தண்ணீருக்குள் முக்கியது போல இருந்தது. கையிலிருந்த சட்டை தரையில் விழுந்தது.

“இன்னா ஆச்சு?”

அவன் பைப்பையே பார்த்தான். தண்ணீர் ஓரத்திலிருந்த ஒரு பெரிய அகலத் தொட்டிக்குள் விழுந்துகொண்டிருந்தது. அதிலிருந்த செடிக்கு இலையே இல்லை. சாம்பல் நிறத்தில் காலை மடித்து உட்கார்ந்த ஆள் மாதிரி கிழங்கு மட்டும் இருந்தது.

“அக்கா, ஒரு நிமிசம். பக்கத்துத் தொட்டிக்கு ஊத்துங்க.”

அவள் சிரித்துக்கொண்டே பைப்பைத் திருப்பினாள். விரல்களில் ஒன்றும் இல்லை. இன்னொரு தொட்டி. அதிலும் இல்லை.

“இப்ப திரும்பி அந்தப் பெருசுக்கு ஊத்துங்க.”

குளிர் விரல்நுனியிலிருந்து மணிக்கட்டுவரை ஏறியது. வனமாமலை தண்ணீர்த் தொட்டிச் சுவரைப் பிடித்துக்கொண்டான்.

“அதுக்கு மேல அதுக்கு ஊத்தக் கூடாது தம்பி” என்றாள் சசிகலா. “இது ஆப்பிரிக்காக்காரி. தண்ணி இல்லாத ஊர்ல பொறந்தவ. குடிக்கறதயெல்லாம் கிழங்குல சேத்து வெச்சிக்கும். நாம பாசத்துல ஊத்திக்கினே இருந்தா அழுவிப் பூடும். பனி மாசத்துல இலையக் கொட்டிட்டுத் தூங்கும். எழுப்பக் கூடாது. இப்பதான் வெயில் வந்துச்சே, இனிமே எழுந்துக்கும்.”

அன்று மத்தியானமே மாரிமுத்துவுக்கு போன் போட்டான்.

“ஏல மாரிமுத்து, ஆஸ்பத்திரில குடுத்த பைய என்னல செஞ்ச?”

மறுமுனையில் பஸ் ஹாரன் சத்தத்துக்கு நடுவே மாரிமுத்துவின் குரல் வந்தது.

“பொதச்சிட்டேம்ல.”

“எங்க?”

“கோவப்படாத. குப்பைல போட மனசு வரல. நம்ம ஊருன்னா ஆத்தங்கரைல ஒரு குழி தோண்டியிருப்பேன். அங்க எங்கல போவேன்? எங்கிட்டுப் பாத்தாலும் காம்பவுண்டும் சிமிண்டுமா இருக்கு. மாடில ஒரு பெரிய தொட்டில செடி பட்டுப்போயிக் கெடந்துச்சு. செத்த செடிதானன்னு அடியில வச்சு மூடிட்டேன். ஏம்ல கேக்க?”

“அது சாகல. தூங்கிட்டிருந்துச்சு.”

“என்னல சொல்லுத?”

“ஒண்ணுமில்ல. வையி.”

தோண்டி எடுத்துவிடலாமா என்றுதான் முதலில் நினைத்தான். அன்று சாயங்காலம் ஒரு கரண்டியோடு மேலே போனான். தொட்டி அருகே குந்தினான். மணல் மேல் கரண்டி பட்டதும் விரல்களுக்கு மேலே யாரோ கதவைத் தட்டுவது போலிருந்தது. கரண்டியைப் போட்டுவிட்டு இறங்கிவிட்டான்.

அதற்குப் பிறகு நடந்ததை அவன் யாரிடமாவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டார்கள். ஏப்ரலில் அந்தச் செடி துளிர்த்தது. வேலைக்குப் போகுமுன்னும் வந்த பின்னும் அவன் மாடிக்குப் போய் அதன் பக்கத்தில் நிற்பான். சசிகலாவுக்கு ஆள் கிடைத்த சந்தோஷம். ஆற்று மணலும் செங்கல் சில்லும் கொஞ்சம் கரித்தூளும் கலப்பது, கொம்பு போல ஜோடியாகக் காய்க்கும் காய் வெடித்துப் பஞ்சோடு விதை பறந்துவிடாமல் நூல் சுற்றிக் கட்டுவது, ஒடித்த இடத்தில் வழியும் பால் விஷம் என்பதால் கையை சோப்புப் போட்டுக் கழுவுவது எல்லாவற்றுக்கும் அவனைக் கூப்பிட்டாள். மற்ற தொட்டிகளுக்கு அவள் ஈர்க்குச்சியைக் குத்தி ஈரம் பார்ப்பாள். அந்தப் பெரிய தொட்டிக்கு மட்டும் வனமாமலை கீழேயிருந்தே சொல்லிவிடுவான்: “அக்கா, இன்னைக்கு வேண்டாம், அடியில இன்னும் ஈரம் இருக்கு.” குச்சியைக் குத்தினால் அப்படியே இருக்கும்.

அவனுக்குப் பயம் போய், ஒரு பழக்கம் வந்துவிட்டிருந்தது. தண்ணீர் பட்டால் குளிர்ச்சி, வெயில் பட்டால் சூடு. கை முழுசாக இருந்த நாட்களில்கூட அவன் விரல்களை இவ்வளவு கவனித்ததில்லை. மே மாதம் அந்தச் செடி பூத்தது. மற்றவை ரோஜா நிறத்தில் பூக்க, அது மட்டும் ஓரம் கறுத்த கருஞ்சிவப்பில் பூத்தது. “போன வருசம் இது வெள்ளைல பூத்துச்சே! ஒட்டு கட்டுன நெனப்பும் இல்ல” என்று சசிகலா யோசித்தாள். பிறகு போட்டோ எடுத்துக்கொண்டாள்.

ஜூன் மாதத்தில்தான் விரல்கள் நீளத் தொடங்கின.

முதலில் ஏதோ பிரமை என்று இருந்தான். ஆனால் ஒவ்வொரு நாளும் அவை மணலை விலக்கிக்கொண்டு ஒரு மயிரளவு முன்னே போவதை உணர முடிந்தது. ஜூலையில் தொட்டிச் சுவர் தட்டுப்பட்டது. வழவழவென்று, கடினமாக. விரல்கள் அங்கே மடங்கி, சுவரை ஒட்டிச் சுற்ற ஆரம்பித்தன. அவனுக்கு முழங்கைவரை மரத்துப்போனது. ஆகஸ்டில் ஒரு நாள், ஸ்டோரில் டேக் கட்டிக்கொண்டிருந்தபோது, நடுவிரல் நுனியில் காற்று பட்டது.

வீட்டுக்கு வந்ததும் மேலே ஓடித் தொட்டியைச் சாய்த்துப் பார்த்தான். தண்ணீர் வடியும் ஓட்டை வழியாக வெள்ளை வெளேரென்று ஒரு வேர் நுனி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. அவன் வலது கையால் அதைத் தொட்டான். தொடுவதும் அவன்தான், தொடப்படுவதும் அவன்தான். கை தீப்பட்டது போல விலகியது.

“இடம் பத்தல அதுக்கு” என்றாள் சசிகலா, பின்னால் வந்து நின்று. “புடுங்கிக் கழுவி, வேரக் கழிச்சி, வேற தொட்டில வெக்கணும். ஞாயித்துக்கிழம பண்லாம்.”

“வேரக் கழிக்கணுமாக்கா?”

“பின்ன? கழிக்கலேன்னா தன் கழுத்த தானே சுத்திக்கினு செத்துப்பூடும்.”

ஞாயிற்றுக்கிழமை காலை தொட்டியைக் கவிழ்த்து இரண்டு பேருமாகச் செடியை வெளியே இழுத்தார்கள். வனமாமலை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான். சசிகலா ஹோஸ் பைப்பால் மண்ணைக் கழுவிவிட்டாள். பருத்த கிழங்கும் அதன் அடியில் விரல் தடிமனில் ஏழெட்டு வேர்களும் வெளியே வந்தன. வனமாமலை கழுவி விழுந்த மண்ணையெல்லாம் விரலால் அளைந்து பார்த்தான். எலும்புத் துணுக்குகூட இல்லை. தொட்டிக்குள் வேறு எதுவுமே இல்லை.

அவள் பிளேடை எடுத்தாள்.

“அக்கா, வேண்டாம்.”

“இன்னாத்துக்கு வேணாம்? வெவரம் தெரியாம பேசாத.”

அவன் சொன்னான். பிரஸ்ஸில் கை போனது, மாரிமுத்து புதைத்தது, தண்ணீரின் குளிர்ச்சி, எல்லாவற்றையும். சசிகலா நடுவில் ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் அவ்வளவு நேரம் பேசாமல் இருந்து அவன் பார்த்ததே இல்லை. கடைசியில் பிளேடைக் கீழே வைத்துவிட்டு, “அந்தாண்ட திரும்பிக்கினு நில்லு” என்றாள்.

அவன் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் திரும்பி நின்றான்.

பின்னால் அவள் வேர்களுக்குப் பக்கத்தில் குந்துவது கேட்டது. பிறகு “மோதிர விரல்” என்றான்.

மறுபடி கொஞ்ச நேரம். “நீங்க இப்ப வேற எதையோ தொடுதிய. எனக்குத் தெரியல.”

ஈர வேர் ஒன்று தரையில் உரசியது.

“ஆள்காட்டி விரல். நகம் இருக்க வேண்டிய எடத்துல புடிக்கிய.” பிறகு, “அக்கா, நடுவிரல விடுங்க. வலிக்கி.”

திரும்பிப் பார்த்தபோது அவள் வேரை விட்டுவிட்டுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டிருந்தாள். முகம் வெளுத்திருந்தது. துடைத்த கையையே மறுபடி மறுபடி துடைத்தாள்.

“இத எங்க வூட்ல வெச்சிக்க முடியாது தம்பி” என்றாள் மெல்ல. “உன்ன ஒண்ணும் சொல்லல. நீ இருக்கலாம். ஆனா எங்க வூட்ல கொழந்த கீது. அது தெனம் இங்கதான் ஆடிக்கினு இருக்குது. நீ எடுத்துக்கோ, எங்கயாவது வெச்சிடு. வேர நான் வெட்ட மாட்டேன். யார் வேரா இருந்தாலும் இந்த ஜென்மத்துல இனிமே...” சொல்லி முடிக்காமல் கீழே இறங்கிப் போய்விட்டாள்.

செடி செய்தித்தாளில் சுற்றப்பட்டு நான்கு நாள் அவன் கட்டிலுக்கு அடியில் இருந்தது. அடீனியத்தை மண் இல்லாமல் பத்து நாள் வைத்தாலும் தாங்கும் என்று அவளே முன்பு சொல்லியிருக்கிறாள். விரல்கள் செய்தித்தாளைத் தடவியபடி கிடந்தன.

அந்த வாரம்தான் கம்பெனியில் ஒரு பேச்சு வந்தது. வெளிநாட்டுக் கஸ்டமர் ஆடிட்டுக்கு வருகிறார்கள். பிரஸ் ஷாப் சுவரை ஒட்டியிருக்கும் பாத்தி காய்ந்து அசிங்கமாகக் கிடக்கிறது. போர்வெல்லிலும் தண்ணீர் இல்லை. தண்ணீரே வேண்டாத செடி என்னிடம் ஒன்று இருக்கிறது என்று வனமாமலை சொன்னான். உடனே சரி என்றார்கள். கூரை நீட்டிக்கொண்டிருப்பதால் அந்தப் பாத்தியில் மழை விழாது. ஜல்லியும் மணலும் கொட்டி மேடாக்கி, வேர்களைப் பிரித்துப் பரப்பி நட்டான். ஒன்றையும் வெட்டவில்லை. அவ்வளவு நாள் மடங்கிக் கிடந்த விரல்கள் நீட்டிப் படுத்தபோது அவனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அதற்குப் பிறகு அவை எந்தப் பக்கம் போகின்றன என்பது நவம்பரில்தான் தெரிந்தது. அதிர்வு வந்தது. முதலில் தூரத்தில் யாரோ மாவு இடிப்பது போல. போகப் போக அடி அடியாகப் பிரிந்து கேட்டது. ஏழு நொடிக்கு ஓர் அடி. அந்த வேகம் அவனுக்கு மனப்பாடம். பிரஸ் ஷாப்பில் அவ்வளவு நிதானமாக ஓடுவது நாலாம் நம்பர் ஒன்றுதான். விரல்கள் சுவருக்கு அடியில் நுழைந்து, தரைக்குக் கீழே, அவை போன இடத்துக்கே திரும்பிப் போய்க்கொண்டிருந்தன. தை மாதம் அவை எண்ணெய் ஊறிய கான்கிரீட்டைத் தொட்டன. பிறகு இரும்பு. தரையில் பிரஸ்ஸைப் பிடித்து நிறுத்தும் நாலு போல்ட்டில் ஒன்று. விரல்கள் அதை ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு அப்படியே இருந்தன. ஏழு நொடிக்கொரு முறை அவன் கை முழுவதும் அதிர்ந்தது. சாப்பிடும்போது, பஸ்ஸில், ஸ்டோரில். ஷிப்ட் முடிந்து மிஷின் நின்றால்தான் அவனுக்கு ஓய்வு.

அந்த மாதம் நாலாம் நம்பருக்குப் புதிதாக ஒரு பெண் வந்தாள். மாரிசெல்வி, சங்கரன்கோவில் பக்கம், இருபத்திரண்டு வயது. டேக் வாங்க ஸ்டோருக்கு வருகிறவள் ஒரு நாள் அவன் கையைப் பார்த்துவிட்டு, “எந்த மிஷின்லண்ணே?” என்று கேட்டாள். அவன் சொன்னான். அவள் முகம் மாறியது.

“சென்சார் வேல செய்யுதா இப்ப?” என்று கேட்டான்.

“நான் வந்த முதல் வாரம் செஞ்சுச்சு. அப்புறம் டார்கெட் வரலன்னு திரும்ப எடுத்துட்டாவ.”

அவன் நேராக சூப்பர்வைசர் சங்கரநாராயணனிடம் போனான். அவர் கெட்ட மனிதர் இல்லை. விபத்து நடந்த அன்று ஆஸ்பத்திரியில் அழுதவர். “எனக்கும் தெரியுதுப்பா. மேல பேசிட்டுத்தான் இருக்கேன். ஸ்பேர் வரணும்ங்கறாங்க. ஒரு மாசம் பொறுத்துக்கோ” என்றார்.

“சார், ஒரு மாசத்துல எத்தன அடி அடிக்கும்?”

வனமாமலை ஸ்டோருக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தான். கை அதிர்ந்தது. ஏழு நொடி. மறுபடி அதிர்ந்தது. கையை மூடித் திறக்கிற மாதிரி மனசில் நினைத்துப் பழகு என்று டாக்டர் சொன்ன பயிற்சியை அவன் பல மாதமாக விட்டிருந்தான். இப்போது செய்தான். கண்ணை மூடி, இல்லாத விரல்களை மடக்கினான்.

அவை மடங்கின. போல்ட் மேல் இறுகின.

பயத்தில் விட்டுவிட்டான். பிறகு மறுபடி மடக்கினான்.

அன்றிலிருந்து தினமும் ஷிப்ட் முழுக்க அதுதான் அவன் வேலை. வலது கை டேக் கட்டும். இடது கை மடியில் கிடக்கும். பார்க்கிறவர்களுக்கு அவன் சும்மா உட்கார்ந்திருப்பான். சட்டை வேர்வையில் நனைந்திருக்கும். தோள்பட்டை இரும்பாய் வலித்தது. ஒரு வாரம் ஒன்றுமே நடக்கவில்லை. இரண்டாம் வாரம் மாரிசெல்வி ஒரு பெட்டியைக் கொண்டுவந்து வைத்தாள். “எல்லாம் ரிஜெக்ட்ணே. ஓரத்துல பிசிறு வருது. அச்சு நேரா இறங்க மாட்டேங்குதாம்.” மெயின்டெனன்ஸ் கோதண்டராமன் மூன்று நாள் அச்சைக் கழற்றி மாட்டினார். மட்டம் வைத்துப் பார்த்தார். மிஷின் ஒரு பக்கம் மயிரளவு சாய்ந்திருந்தது; நிமிர்த்தினால் மறுநாள் மறுபடி சாய்ந்தது. இருபதாம் நாள் நாலாம் நம்பரை நிறுத்தி, கிரேனால் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, தரையை உடைக்கச் சொன்னார்கள். விரல் போனதற்கு ஒரு நாள்கூட நிற்காத மிஷின், பிசிறுக்கு நின்றது.

காலை பதினொரு மணி இருக்கும். கோதண்டராமன் ஸ்டோர் வாசலில் வந்து நின்றார்.

“டேய், நீ நட்ட அந்தச் செடி எங்க வரைக்கும் போயிருக்கு தெரியுமா? வந்து பாரு.”

பிரஸ் ஷாப்பில் எல்லோரும் குழியைச் சுற்றி நின்றார்கள். சுவர்ப் பக்கத்திலிருந்து கான்கிரீட் விரிசல் வழியாக இருபது அடி தூரம் மூன்று வேர்கள் வந்திருந்தன. சாம்பல் நிறத்தில், விரல் தடிமனில், வழி நெடுக ஒரு கிளைகூட விடாமல். குழியில் போல்ட்டைச் சுற்றி அவை இறுகியிருந்தன. இறுகின இடத்தில் கணுக் கணுவாக மடங்கியிருந்தன. யாரும் அதை எதனோடும் ஒப்பிட்டுச் சொல்லவில்லை. ஆனால் மாரிசெல்வி குழியைப் பார்த்தாள். பிறகு வனமாமலையின் கையைப் பார்த்தாள். ஓரடி பின்னால் நகர்ந்தாள்.

“அறுத்துடுங்க” என்றார் சங்கரநாராயணன். அவர் குரல் சரியாக இல்லை.

“ஒரு நிமிசம் சார்” என்றான் வனமாமலை. குழி ஓரத்தில் உட்கார்ந்து, இல்லாத விரல்களைத் தளர்த்தப் பார்த்தான். அவை கேட்கவில்லை. பிடி பிடியாகவே இருந்தது. “சரி, அறுங்க” என்று சொல்லிவிட்டு இடது கையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான்.

கோதண்டராமன் ஹேக்ஸா பிளேடால் அறுத்தார். முதல் தடவை நொடியில் போனது. இந்தத் தடவை நேரம் எடுத்தது. வனமாமலை கத்தவில்லை. யாரும் அவன் பக்கம் திரும்பவுமில்லை. எல்லோரும் வேரிலிருந்து கசிந்த பாலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அறுத்த மூன்று துண்டுகளையும் போல்ட்டிலிருந்து உரித்து ஸ்கிராப் தொட்டியில் போட்டார்கள்.

அறுத்தால் எல்லாம் முடிந்துவிடும் என்றுதான் அவன் நினைத்திருந்தான். முடியவில்லை. செடியோடு இருந்த பக்கத்தில் உணர்வு செத்துப்போனது. ஸ்கிராப் தொட்டிக்குள் இருந்த பக்கம் உயிரோடு இருந்தது. விரல்களில் தகட்டுத் துண்டுகள் குத்தின. லாரி மூன்று மணிக்கு வரும். அங்கிருந்து உருக்கும் இடத்துக்குப் போகும். டீ பிரேக்கில் ஸ்கிராப் தொட்டிக்குள் இறங்கி மூன்றையும் பொறுக்கி எடுத்து, டிபன் பையில் போட்டுக்கொண்டான். வயிற்று வலி என்று சொல்லிவிட்டு வெளியே வந்து ஷேர் ஆட்டோ ஏறினான்.

பென்னலூருக்குப் பின்னால் ஏரி இருந்தது. மாசி மாத வெயிலில் தண்ணீர் நடுவுக்கு ஒதுங்கியிருக்க, கரையோரம் வெடித்த களிமண். தூரத்தில் இரண்டு மாடுகள் மேய்ந்தன. ஆள் இல்லை. அவன் கரைச் சரிவில் உட்கார்ந்து பையைத் திறந்தான். வேர்கள் மூன்றும் போல்ட்டைப் பிடித்த வளைவிலேயே வளைந்திருந்தன. அவற்றை இடது உள்ளங்கையின் ஓரத்தில், விரல்கள் இருந்த இடத்தில் வரிசையாக வைத்துப் பார்த்தான். பொருந்தவில்லை, மிக நீளம். பிறகு வலது கையால் எடுத்துப் பிடித்தான். பதினான்கு மாதம் கழித்து அவனுடைய ஒரு கை அவனுடைய இன்னொரு கையைப் பிடித்திருந்தது. வேரின் சொரசொரப்பு வலது கைக்குத் தெரிந்தது. வலது கையின் சூடும் வேர்வையும் அந்த மூன்றுக்கும் தெரிந்தன.

அவன் பேச ஏதோ வாயெடுத்தான். யாரிடம் பேசுவது என்று தெரியாமல் நிறுத்திவிட்டான்.

வெயில் சாயச் சாய வேர்கள் காய்ந்தன. முதலில் மோதிர விரல் மரத்தது. உறங்கும் ஆளின் பிடி தளர்வது போல மெல்ல விட்டுக்கொடுத்தது. பிறகு ஆள்காட்டி விரல். நடுவிரல் மட்டும் வெகுநேரம் அவன் உள்ளங்கையை லேசாக அழுத்திக்கொண்டிருந்தது. அவனும் விடவில்லை. போன் இரண்டு தரம் அடித்தது, எடுக்கவில்லை. மாடுகளை ஓட்டிக்கொண்டு யாரோ கரைமேல் போனார்கள்; என்ன தம்பி இங்க உட்கார்ந்திருக்கே என்று கேட்டார்கள்; சும்மாதான் என்றான்.

கடைசியில் அந்த அழுத்தமும் நின்றபோது, அவன் கையில் மூன்று காய்ந்த வேர்கள் இருந்தன. அவ்வளவுதான். களிமண் வெடிப்பு ஒன்றை வலது கையாலேயே ஆழமாகத் தோண்டி, மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் படுக்கவைத்து, மண்ணைத் தள்ளி மூடினான். பால் பட்ட கையை ஏரித் தண்ணீரில் கழுவினான். எழுந்து கரைமேல் ஏறும்போது, வழுக்கி விழப்போய், பிடிமானத்துக்காக இடது கையை நீட்டினான். கட்டைவிரலும் சுண்டுவிரலும் ஒரு புல் கொத்தைப் பிடித்துக்கொண்டன. அது தாங்கியது.